படத்துக்குள்ளே கிடந்த எழுத்து

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் மயில் ஆர்ட்ஸ் என்று ஒரு பிளக்ஸ் கடை. அதற்கு முதலாளி, டிசைனர், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாமே நாகராசு ஒருத்தன்தான். காதுகுத்து, கல்யாணம், கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவென்றாலும் முகத்தை நாலு சுற்று வெளுத்து, பின்னால் மேகத்தை மிதக்கவிட்டு, சுற்றிலும் தங்க பார்டர் ஓட்டி, சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுவான். செத்துப்போன கிழவன்கூட அவன் பேனரில் புதுமாப்பிள்ளையாகத்தான் சிரிப்பான். அதற்கென்றே தேடி வருகிற ஆட்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவன் காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்துவதில்லை. முதலில் கம்ப்யூட்டரைப் போடுவான். காணாமல் போன தன் அக்காவுக்காக அவனே செய்து வைத்திருக்கிற இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். அப்புறம்தான் சாமி எல்லாம்.

அக்கா பெயர் அழகி. கொஞ்சம் விவரம் பத்தாது. பத்தாது என்றால் பைத்தியம் இல்லை, ஐயா. சோறு பொங்குவாள், ஆடு மேய்ப்பாள், வாசல் தெளிப்பாள், யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வாள். எழுதப் படிக்க வராது. புது இடம் என்றால் திசை தெரியாது. ஆத்தாவும் அப்பனும் போய்ச் சேர்ந்தபின் வல்லத்திராக்கோட்டை வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். நாகராசுக்குப் பெண் கேட்டுப் போனவர்களிடம், 'அந்த அக்காவை எங்க வைப்பீங்க?' என்று நாலு வீட்டில் கேட்டார்கள். நாலாவது வீட்டில் எழுந்தவன் அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பாயிலும் போய் உட்காரவில்லை.

போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசம். ஊர் சனத்தோடு வேன் பிடித்து விராலிமலைக்குப் போனார்கள். அழகிக்கு அங்கே சாமியைவிட மயில்தான் பெரிசு. மலையைச் சுற்றித் திரிகிற மயில்களைப் பார்த்துவிட்டால் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கும் மயிலுக்குப் பின்னால் போனவள்தான். கூட்டம் கலைந்தபிறகு பார்த்தால் ஆள் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறினாளோ, திருச்சிப் பக்கம் போனாளோ மதுரைப் பக்கம் போனாளோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

நாகராசு சும்மா இருந்துவிடவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தான். மாவட்டம் பூராவும் 'காணவில்லை' பேனர் கட்டினான். அப்புறம், வெளியூர் ஆட்களுக்கும் தெரியட்டும் என்று இணையத்தில் ஒரு பக்கம் செய்தான். இலவசமாகப் பக்கம் கட்டித் தருகிற தளம் ஒன்றில் புகுந்து, தான் வடிவமைத்த பேனரை அப்படியே தூக்கி அதில் ஒட்டினான். அடடா, என்ன பேனர்! வானவில் மேகம், தங்க பார்டர், நடுவில் அக்கா படம், சிவப்பில் நிழல் போட்டுக் 'காணவில்லை', அதன் கீழே பெயர், வயது, அடையாளம், போன் நம்பர். வலது மூலையில் கடை முத்திரையான நீல மயில். அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். நாளுக்கு நாள் அது ஏறுவதைப் பார்க்கையில் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும். யாரோ பார்க்கிறார்கள். எங்கேயோ ஒருத்தர் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்குப் படுக்கப் போகிறார். அந்த நம்பிக்கையில் அவன் ராத்திரிச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவான்.

வீட்டில் என்ன இருக்கிறது? அழகி வளர்த்த ஆடு இருக்கிறது. வெள்ளச்சி என்று பெயர். அவன் படலைத் திறக்கிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும், இவன்தான் என்று தெரிந்ததும் திரும்பித் தழையைக் கடிக்கும். அந்த ஆட்டுக்குக்கூட நான் வேண்டாத ஆளாகிவிட்டேனே என்று அவனுக்கு வலிக்கும். பார்சலைப் பிரித்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே சாப்பிட்டு முடிப்பான். பேச ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். 'இனிமே ஒனக்கும் ஒரு வழி பிறந்துச்சுப்பா, பொண்ணு பாக்கவா?' என்று ஒரு சித்தப்பா கேட்டார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டான். அதிலிருந்து அவர்களும் வருவதில்லை.

ஆவணியில் ஒரு நாள் சாலா ஆச்சி கடைக்கு வந்தாள். திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர் ஒன்றில் பெரிய வீட்டுப் பெண், இருப்பது சென்னையில். அவள் அப்பா லக்ஷ்மணன் செட்டியாருக்கு அறுபது நிறைந்து சாந்திக் கல்யாணம். அதற்காக எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் எல்லாம் ஊரில் கூடியிருந்தார்கள். வாசலுக்குப் பெரிய பேனர் வேண்டும் என்று படத்தோடு வந்தவள், நாகராசு கம்ப்யூட்டரில் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, இது யாரு?"

"ஒங்க அப்பச்சிதான் ஆச்சி."

"எங்க அப்பச்சி கறுப்பு. இவுக ரோஸ் பவுடர் போட்ட மாதிரி இருக்காக. அவுக மூக்குல இருந்த மச்சம் எங்க?"

"பிளக்ஸ்ல கொஞ்சம் எடுத்துக் காட்டணும் ஆச்சி. இல்லாட்டி வெயில்ல மங்கிப் போயிரும்."

"மங்கினா மங்கட்டும். மச்சத்தைக் கொண்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே மச்சத்தைத் திரும்ப வைத்தான். அச்சு ஓடுகிற நேரத்தில் அவள் சுவரில் தொங்கிய 'காணவில்லை' பேனரைப் பார்த்தாள். யார் என்று கேட்டாள். சொன்னான். "நெட்லயும் போட்ருக்கேன் ஆச்சி, இந்தா பாருங்க" என்று பக்கத்தைத் திறந்து காட்டினான். காட்டும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

சாலாவுக்குத் தொழிலே அதுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கம்பெனிகளுக்கு இணையதளம் கட்டிக் கொடுத்து, கூகுளில் தேடினால் அவை முதலில் வரும்படி பார்த்துக்கொள்கிறவள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள்.

"யாராச்சும் கூப்பிட்டாகளா அண்ணே?"

"கூப்பிடலை. ஆனா தினமும் ஆளுக பாக்குறாக. கீழ நம்பர் ஏறுது பாருங்க."

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து பாப்பீங்க?"

"காலையில ஒரு தரம். மத்தியானம் சாப்பிட்டுட்டு. கடை சாத்துறப்ப. நடுவுல மனசு கேக்காட்டி..." என்றவன் நிறுத்திக்கொண்டான். ஒரு நாளைக்கு அந்த எண் எவ்வளவு ஏறும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அதைக் கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஊர் உலகமெல்லாம் அவன் ஒருத்தன்தான்.

தன் போனை எடுத்து, கூகுளில் 'வல்லத்திராக்கோட்டை காணவில்லை பெண்' என்று அடித்தாள். என்னென்னவோ வந்தது. இவன் பக்கம் வரவில்லை. பேனரில் இருந்தபடியே பெயரை அடித்தாள். வரவில்லை. அவனுடைய போன் நம்பரையே அடித்தாள். அதுவும் வரவில்லை.

"நான் அடிச்சா வருதே ஆச்சி!"

"நீங்க முழு விலாசத்தையும் அடிக்கிறீங்க. விலாசம் தெரிஞ்சவருக்கு வீடு தெரியும். தெரியாதவருக்கு யாரு சொல்றது? அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கத்துல எழுத்தே இல்ல."

நாகராசுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எழுத்து இல்லையா? என்ன ஆச்சி பேசுறீங்க? கொட்டை எழுத்துல, ஷேடு போட்டு, கண்ணு முன்னால நிக்குது!"

"ஒங்க கண்ணுக்கு நிக்குது. எங்க, ஒங்க போன்ல திறந்து, அந்தக் காணவில்லைங்கிற எழுத்து மேல விரலை அழுத்திப் பிடிங்க. எழுத்தா இருந்தா நீலமா விழும்."

அழுத்தினான். படத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. எழுத்து நீலமாக விழவில்லை. பெயரில் அழுத்தினான், நம்பரில் அழுத்தினான். எங்கே தொட்டாலும் அது ஒரே படம்.

"நீங்க பேனரைப் படமாக்கி ஒட்டிட்டீங்க. அதுல நீங்க எழுதினது பூராவும் படத்துக்குள்ள மாட்டிக்கிருச்சு. தேடுற எந்திரம் வந்து பாத்தா இங்க ஒரு படம் இருக்குன்னு மட்டும் குறிச்சுக்கிட்டுப் போயிரும். பக்கத்துக்குத் தலைப்புன்னு ஒண்ணு வைக்கணும். நீங்க வைக்கவே இல்ல, அதுபாட்டுக்கு முகப்புன்னு நிக்குது. நம்பரைத் தொட்டா போன் போகணும், அதுவும் போகலை. படம் வேற இம்புட்டுக் கனம். பட்டிக்காட்டுப் போன்ல திறக்குறதுக்குள்ள ஆள் போயிருவாக."

"இருபது வருஷமா போர்டு எழுதுறேன் ஆச்சி. கையில பிரஷ் பிடிச்ச காலத்துலேருந்து. ஊரே என் போர்டை நிமிந்து பாத்துட்டுத்தான் போகுது."

"போர்டு ரோட்டுல நிக்கும் அண்ணே, ரோட்டுல ஆளுக போவாக. இது நிக்கிற எடத்துல ரோடே இல்ல."

அச்சு எந்திரம் ஓடி முடித்து நின்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அக்கா எங்கேயோ, யாரிடமோ இருந்து, அந்த யாரோ ஒருத்தர் தேடியும் இருந்தால்? தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று போனை மூடி வைத்திருந்தால்?

"அழுது என்ன ஆகப் போகுது, விடுங்க" என்றாள் சாலா. அவன் அழுததை அவனே அப்போதுதான் கவனித்தான். "சாந்தி முடியிற வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். நாம சேந்து மாத்திப்புடலாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு யோசிக்கணும். ஒங்க அக்காவைத் தேடி யாரு இந்தப் பக்கத்துக்கு வருவாக?"

"அவளைப் பாத்தவுக."

"பாத்தவுகளுக்கு அவுகளைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அவ சொல்றதுதான்."

"அப்ப ஒங்க அக்கா என்ன சொல்லுவாக? அந்த வார்த்தைதான் பக்கத்துல இருக்கணும். ஒங்க பேனர்ல பேரு பிரகதாம்பாள்னு இருக்கு."

"ஆதார்ல அதான் இருக்கு. நம்ம ஊரு சாமி அரைக்காசம்மன் பேரு. ஆத்தா வச்சது."

"அக்காகிட்ட ஒம் பேரென்னன்னு கேட்டா பிரகதாம்பாள்னு சொல்லுவாகளா?"

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அழகி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து, அக்கா என்ன சொல்லுவாள், அக்கா என்ன சொல்லுவாள் என்று மனசுக்குள் துழாவினான். ஒன்றும் கிடைக்கவில்லை! கூடவே இருந்தவள். விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாய் ஓயாதவள். அவன் தட்டில் கையை வைத்தால் அவள் பேச ஆரம்பிப்பாள். இவன் போனைப் பார்த்துக்கொண்டே ம், ம் என்று சொல்லிக்கொண்டிருப்பான். இத்தனை வருஷத்தில் அவன் காதில் விழுந்தது அந்த ம் மட்டும்தான் போலிருக்கிறது. வெறுத்துப்போய் எழுந்து பக்கத்து வீட்டு மருதாயியிடம் போனான். அழகியோடு சேர்ந்து ஆடு மேய்த்தவள் மருதாயி.

"என்னத்த சொல்லுவா?" என்று மருதாயி வெற்றிலையைக் கிழித்தபடி யோசித்தாள். "ஊரு பேரைக் கேட்டா கோட்டைம்பா. கோட்டை, கோட்டை. முழுசா வாயில வராது அதுக்கு. வெராலிமலைன்னு சொல்லாது, மயிலு மலைம்பா. ஆட்டைப் பத்திச் சொல்லுவா. வெள்ளச்சி ரெட்டைக் குட்டி போட்டுச்சுன்னு பாக்குறவுககிட்டயெல்லாம் சொல்லுவா. குட்டி போட்டு எம்புட்டு நாளு ஆச்சு, அதுக்கு அது நேத்துதேன்."

"என்னையப் பத்தி?"

"ஒன்னையப் பத்தித்தானப்பா பூராப் பேச்சும்! எந் தம்பி கலர் கடை வச்சிருக்கான், கலர் கடைத் தம்பின்னு ஓயாது. ரோட்டுல ஒரு போர்டைப் பாத்துறக் கூடாது. மூலையில போய் ஒன் மயிலு இருக்கான்னு பாக்கும். இருந்துச்சுன்னா, எந் தம்பி இங்கிட்டு வந்துட்டுத்தேன் போயிருக்கான்னு சொல்லிக் கையைத் தட்டும். படிக்கத் தெரியாதுல்ல, மயிலுதேன் அதுக்கு எழுத்து." மருதாயி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா இதெல்லாம்?"

தெரியாது. கடை முத்திரைக்கு என்ன வரையலாம் என்று என்றைக்கோ அக்காவிடம் கேட்டதும், அவள் மயில் என்றதும் மட்டும் நினைவிருக்கிறது. மருதாயி வீட்டுப் படியிறங்கி வருகையில் வெள்ளச்சி வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். அன்றைக்கு அது விலகிப் போகவில்லை.

சாந்தி முடிந்த மறுநாள் சாலா மடிக்கணினியோடு கடைக்கு வந்தாள். பெரிய பேனர் படத்தைப் பக்கத்திலிருந்து ஒரே தட்டில் அழித்தாள். நாகராசுக்குத் தன் தோலை உரித்த மாதிரி இருந்தது. வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான் என்றாள். மேகம் வேண்டாம், பார்டர் வேண்டாம், ஓடுகிற எண் வேண்டவே வேண்டாம்.

"கல்யாணத்துக்குத் துண்டு போத்திட்டு வந்த மாதிரி இருக்கு ஆச்சி."

"பரவாயில்ல. வந்து சேருதுல்ல."

படம் கேட்டாள். பேனரில் இருந்த படத்தில் அழகி வெளுத்து, தழும்பு மறைந்து, கழுத்தில் இல்லாத சங்கிலியோடு யாரோ மாதிரி இருந்தாள். அச்சு அசலாக இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது: கலைந்த தலை, நெற்றித் தழும்பு, கக்கத்தில் ஆட்டுக்குட்டி, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதையா போடுவது என்று இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தான். சாலா அதை வாங்கிச் சுருக்கி ஏற்றினாள். படத்துக்கு விளக்கம் என்று ஒரு கட்டம் வந்தது. கண்ணால் பார்க்கிறவருக்குத் தெரியாது, எந்திரம் படிக்கும் என்றாள். 'நெற்றியில் தழும்பு, முன்பல் இல்லை, கையில் ஆட்டுக்குட்டி' என்று அவனே தட்டினான்.

தலைப்பில்தான் சண்டை வந்தது. மருதாயி சொன்னதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, "அதையே தலைப்பா எழுதுங்க" என்றாள்.

"எப்பிடி? கலர் கடைத் தம்பின்னா? போர்டுல பேச்சுப் பேசுற மாதிரி எழுதினா ஊரு சிரிக்கும் ஆச்சி. எழுத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல? மனநலம் குன்றிய சகோதரின்னு போட்டாத்தான் பாக்குறவுக மதிப்பாக."

"மனநலம் குன்றிய சகோதரின்னு ஒங்க அக்கா யாருகிட்டயாவது சொல்லுவாகளா அண்ணே?"

தட்டினான். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கொச்சையில் ஒரு தலைப்பு எழுதினான்: 'அழகி. கோட்டை. கலர் கடைத் தம்பி நாகராசு தேடுறான்.' அதன் கீழே மயிலு மலை வந்தது, வெள்ளச்சி வந்தது, ரெட்டைக் குட்டி வந்தது. அதற்கும் கீழே ஊர், மாவட்டம், ஆதார்ப் பெயர் எல்லாம் ஒழுங்கான தமிழில். தொட்டால் அடிக்கிற மாதிரி போன் நம்பர். எல்லாம் முடிந்தபின் அவன், "ஒண்ணே ஒண்ணு ஆச்சி" என்றான். "மூலையில மயிலு வேணும்."

"தேவையில்லாத படம் அண்ணே. கனம்."

"சின்னதா வையுங்க. தம்மாத்தூண்டு. அது இல்லாம என் போர்டு கிடையாது."

பிடிவாதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு மயிலை வைத்தாள். மறுநாள் சென்னைக்குப் போய்விட்டாள். பங்காளிகளும் போய்விட்டார்கள், அந்தத் தெருவே பூட்டிக் கிடக்கிறது என்று பேனரைக் கழற்றப் போன கூலி ஆள் வந்து சொன்னான்.

அதற்கப்புறம் நாகராசு பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். எண் ஓடுகிற கட்டமும் இல்லை; யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, எதுவும் தெரியாது. முன்பாவது அந்தப் பொய் எண் துணைக்கு இருந்தது. தினமும் கூகுளில் கலர் கடைத் தம்பி என்று அடித்துப் பார்ப்பான். வராது. சாலாவுக்குப் போன் போட்டால், "எந்திரம் ஊர் ஊரா நடந்து வரணும்ல அண்ணே, பொறுங்க" என்பாள். ஒரு நாள் அடித்தபோது முதல் வரியிலேயே வந்து நின்றது. கடையில் யாரும் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. மருதாயிக்குப் போன் போட்டு, "அக்கா பக்கம் வந்துருச்சு" என்றான். அவள் அக்காவே வந்துவிட்டாள் என்று நினைத்துக் கத்த ஆரம்பித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இருந்த சந்தோஷமும் வடிந்துபோயிற்று.

ஐப்பசி மழை போயிற்று. கார்த்திகை போயிற்று. போன் அடிக்கும், பேனராக இருக்கும். பக்கத்தைத் திறந்து பார்ப்பதையும் குறைத்துக்கொண்டான். அந்தப் பல் இல்லாத சிரிப்பைப் பார்த்தால் அன்றைக்கு வேலை ஓடுவதில்லை. வெள்ளச்சியை விற்றுவிடலாமா என்று மருதாயி கேட்டாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அக்கா இல்லாமலே இரண்டாவது தைப்பூசம் வரப் போகிறது என்று நினைக்கையில் அவனுக்கு உயிர் வாழ்வதே அலுப்பாக இருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு முற்பகல். பொங்கல் வாழ்த்து பேனர்கள் குவிந்து கிடந்தன. அச்சு எந்திரம் இரைந்து ஓடிக்கொண்டிருக்க, தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"ஹலோ, கலர் கடையா?" பெண் குரல்.

"மயில் ஆர்ட்ஸ். சொல்லுங்க, எட்டுக்கு நாலா, பத்துக்கு ஆறா?"

"இல்லைங்க... நாகராசு இருக்காருங்களா? கலர் கடைத் தம்பி?"

நாகராசு கை போய் எந்திரத்தை நிறுத்தியது. பொங்கல் பானை பாதியில் நின்றது.

"நான் உமாங்க. வேலூர் பக்கம் ஊரு. இங்க நெல்லூர் பக்கத்துல ஒரு காப்பகத்துல நர்ஸா சேந்திருக்கேன். இங்க ஒரு அம்மா இருக்காங்க, தமிழ் பேசுவாங்க. இங்க இருக்கவங்களுக்கு அவங்க பேசுறது புரியலை. நானும் கேட்டுப் பார்த்தேன், கோட்டை கோட்டைங்கிறாங்க. எந்தக் கோட்டைன்னு தேடுறது? கடைசியில போனை அவங்க வாய்கிட்டயே வச்சு, நீங்களே சொல்லுங்கம்மான்னேன். மைக்ல பேசினாங்க. ஆடு, மயிலு, கலர் கடைத் தம்பி, நாகராசுன்னு என்னென்னமோ. அது அப்படியே எழுதித் தேடி இந்தப் பக்கத்தைக் கொண்டாந்துச்சுங்க. படம் பாத்தேன், இவங்க முடி நரைச்சு, மெலிஞ்சு இருக்காங்க, எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா மூலையில ஒரு மயில் இருக்கில்லங்களா, அதைப் பார்த்ததும் போனைப் புடுங்கிக்கிட்டாங்க. இப்ப தர மாட்டேங்குறாங்க. பக்கத்து வார்டு போன்லேருந்து பேசுறேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணா, கேக்குதுங்களா? போன வருஷமும் இங்க இருந்த ஒரு தமிழ் டாக்டர் தேடிப் பார்த்தாராம். அப்ப ஒண்ணுமே வரலையாம்."

போன வருஷம். வானவில் மேகத்தோடு, தங்க பார்டரோடு, நிழல் போட்ட கொட்டை எழுத்தோடு அவன் பக்கம் போன வருஷம் பூராவும் இருந்தது. தினமும் அவனே திறந்து அவனே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அங்கே நரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவகிட்ட குடுங்கம்மா" என்றான்.

என்னவோ உரசல், தெலுங்கில் யாரோ பேசுகிற சத்தம், சிரிப்பு. அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

"டேய் நாகராசு."

"அக்கா."

"எங்கடா போன நீ?" அழகிக்குக் கோபம். தொலைந்தது அவன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "எம்புட்டு போர்டு பாத்தேன் தெரியுமா. ரயிலு போற வழியெல்லாம் பாத்தேன். இங்க கேட் வாசல்ல தினம் ஒண்ணு கட்டுறாய்ங்க, அம்புட்டையும் போய்ப் பாப்பேன். ஒண்ணுலயும் மயிலு இல்லடா. எந் தம்பி இங்கிட்டு வரவே இல்லைன்னு..." என்று வந்த குரல் உடைந்தது.

நாகராசு வாயைப் பொத்திக்கொண்டான். தேடுகிற எந்திரத்துக்கு வழி தெரியாமல் அவன் பக்கம் கிடந்த நாளெல்லாம், அவன் எழுத்தைத் தேடி ஒருத்தி ஊர் பெயர் தெரியாத ஊரில் போர்டு போர்டாக மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இப்ப வச்சுட்டேன்க்கா. பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இத்தினியூண்டு வச்சிருக்க. பெருசா வச்சாத்தானடா தெரியும்?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பெருசா வைக்கிறேன்க்கா" என்றான். "வெள்ளச்சி மறுபடி குட்டி போட்ருக்கு" என்று ஒரு பொய்யும் சொன்னான். அங்கே அவள் யாரிடமோ அதை உடனே சத்தமாகச் சொல்வது கேட்டது. அவர்களுக்குப் புரிந்திருக்காது.

"நீ அங்கேயே இரு. எங்கிட்டும் போகாத. நான் வாரேன்."

இந்த முறை ம் என்று சொன்னது அவள். அச்சு எந்திரத்தில் பாதிப் பொங்கல் பானை தொங்கிக்கொண்டிருக்க, நாகராசு விளக்கை அணைத்து ஷட்டரை இழுத்தான். நெல்லூருக்கு எப்படிப் போவது என்று அவனுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று நடந்தான்.